புழுங்கல் அரிசியும் சமஸ்கிருதமும்: ஒரு பெயரின் கதை

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் மாதத்துக்கு ஒரு தடவையாவது இந்தச் சண்டை வந்துவிடும். சித்தப்பா ஒருவர், "சமஸ்கிருதம் என்றாலே செம்மையாகச் செய்யப்பட்டது என்று பொருள், அதனால்தான் அது தேவபாஷை" என்று ஒரு படத்தை அனுப்புவார். அரை மணி நேரத்தில் மாமா ஒருவர், "செய்யப்பட்டது என்று நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். அப்படியென்றால் யாரோ நாலு பேர் உட்கார்ந்து செய்த செயற்கை மொழிதானே?" என்று பதில் போடுவார். கடைசியில் அத்தை மகன் வந்து, "சமம் கூட்டல் கிருதம். எல்லோருக்கும் சமமாகச் செய்யப்பட்டது" என்று புதிதாக ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவான். அப்புறம் காலை வணக்கம் படங்கள் வரத் தொடங்கும்.

மூவரும் ஒரே பெயரை வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது, எப்போது ஒட்டிக்கொண்டது, அதற்கு முன் அந்த மொழியை என்னவென்று அழைத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் சண்டையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும் என்று எனக்குத் தோன்றும். இதைப் படிக்கச் சமஸ்கிருதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பள்ளியில் படித்த தமிழ் இலக்கணம் கொஞ்சம் நினைவிருந்தால் போதும், மறந்திருந்தாலும் பாதகமில்லை.

அரிசிக் கடையில் தொடங்குவோம்

கடைக்குப் போய் "ரெண்டு கிலோ புழுங்கல், ஒரு கிலோ பச்சை" என்கிறோம். கடைக்காரரும் அளந்து தந்துவிடுகிறார். யோசித்துப் பார்த்தால் புழுங்கல் என்பது ஒரு பொருளின் பெயரே இல்லை. நெல்லுக்கு என்ன நடந்தது என்று சொல்லும் சொல் அது. நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்துக் குத்தினால் புழுங்கலரிசி. அவிக்காமல் குத்தினால் பச்சரிசி. நாளடைவில் 'அரிசி' உதிர்ந்துபோய் அடைமொழியே பெயராக நின்றுவிட்டது.

பச்சை என்று ஒன்று பக்கத்தில் இருப்பதால்தான் புழுங்கல் என்ற பெயருக்கே தேவை வந்தது. ஊரில் எல்லா அரிசியும் அவித்தே வந்திருந்தால் வெறும் 'அரிசி' என்றே சொல்லியிருப்போம். இன்னொன்று, பச்சரிசியிலிருந்து புழுங்கலரிசி வரவில்லை. புழுங்கலிலிருந்து பச்சையும் வரவில்லை. இரண்டுக்கும் மூலம் நெல். அவித்தவரும் நெல்லைப் படைத்துவிடவில்லை, வயலில் விளைந்ததைத்தான் பக்குவப்படுத்தினார்.

சமஸ்கிருதம் என்ற பெயர் ஏறக்குறைய இப்படிப்பட்டதுதான். அதற்குப் பக்கத்திலும் ஒரு 'பச்சை' இருந்தது. அதன் பெயர் பிராகிருதம். அதைப் பிறகு பார்ப்போம். முதலில் சொல்லை உடைத்துப் பார்க்கலாம்.

சொல்லை உடைத்தால்

மூலத்தில் அந்தச் சொல் ஸம்ஸ்க்ருத. அதன் நடுவில் இருப்பது க்ரு என்ற வேர். 'செய்' என்று பொருள். இப்படிச் சொல்லின் அடியில் இருக்கும் வினைக் கருவை அந்த மொழி இலக்கணத்தில் தாது என்பார்கள். நம் இலக்கணத்தில் பகுதி என்று படித்ததற்கு நெருக்கமானது. கர்மம், காரியம், கர்த்தா எல்லாம் இந்தத் தாதுவிலிருந்து வந்தவை. கடைசியில் வரும் 'த' ஒரு விகுதி. 'செய்யப்பட்ட' என்பதில் உள்ள 'பட்ட' போல வேலை செய்கிறது. முன்னால் இருக்கும் 'ஸம்' ஒரு முன்னொட்டு. 'ஒன்றாக', 'முழுமையாக' என்ற பொருளைக் கூட்டும். சங்கமம், சம்பாஷணை, சந்தோஷம் எல்லாவற்றிலும் முன்னால் நிற்பது இதுதான்.

ஆக, ஸம் + க்ரு + த. ஒன்றுகூட்டிச் செய்யப்பட்டது, முறையாக அமைக்கப்பட்டது.

கணக்குப் பார்த்தால் இது 'ஸம்க்ருத' என்றுதானே வர வேண்டும்? நடுவில் ஒரு 'ஸ்' எங்கிருந்து வந்தது? தமிழில் மா + காய் என்றால் மாகாய் என்று சொல்வதில்லை, மாங்காய் என்கிறோம். பூ + கொடி, பூங்கொடி. இரண்டு பக்கத்திலும் இல்லாத ஓர் எழுத்து இடையில் முளைக்கிறது. நன்னூலார் இதற்குத் தோன்றல் என்று பெயர் வைத்தார். அந்த 'ஸ்' அப்படி முளைத்ததுதான். ஆனால் நம் மாங்காயில் இல்லாத ஒரு வேடிக்கை அதில் உண்டு. அந்த 'ஸ்' பொருளைப் பார்த்து வருகிறது. 'அழகுபடுத்துதல்', 'ஒன்றுசேர்த்தல்' என்ற பொருள்களில் க்ரு வரும்போது ஸம், பரி ஆகிய முன்னொட்டுகளுக்குப் பிறகு இந்த ஒலி தோன்றும் என்று, அந்த மொழிக்கு இலக்கணம் எழுதிய பாணினி தனியாக விதி எழுதியிருக்கிறார். ஸம்ஸ்காரம், பரிஷ்காரம் இரண்டிலும் ஒலிப்பது அந்த ஓர் எழுத்துதான். பரிஷ்காரத்தில் ஷ் ஆகத் திரிந்திருக்கிறது.

அத்தை மகனின் 'சமம்' எங்கிருந்து வந்தது என்பதும் இப்போது தெரிந்துவிடும். தமிழில் எழுதும்போது மெய்யெழுத்துகள் முட்டிக்கொள்ளாமல் இருக்க ஓர் உயிரைச் சேர்த்து 'சமஸ்கிருதம்' என்கிறோம். மூலத்தில் உயிரில்லாத ம், நம் கையில் ம ஆனது. உடனே கண்ணுக்குச் 'சம' தெரிகிறது. 'சம' என்பது வேறு சொல். 'அதற்குச் சமமானது' என்ற பொருளில் தற்சமம் என்கிறோமே, அதில் இருப்பதுதான் அந்தச் சம. மொழியின் பெயரில் இருப்பது வெறும் ஸம்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: 'செய்' என்ற தாது, 'ஒன்றாக, முழுமையாக' என்ற முன்னொட்டு, இடையில் தோன்றிய ஒரு ஸ். சேர்த்தால் 'முறையாக அமைக்கப்பட்ட'. சமத்துவத்துக்கு இதில் இடமில்லை. எது அமைக்கப்பட்டது என்பதையும் சொல் இன்னும் சொல்லவில்லை.

சமையலறையில் கிடந்த சொல்

எது என்று சொல்லாததால் அந்தச் சொல் பல இடங்களில் வேலை செய்தது. நம்மூரில் பூணூல் போடுவது, காது குத்துவது, கல்யாணம் போன்றவற்றைச் சம்ஸ்காரங்கள் என்பார்கள். ஆளைப் பக்குவப்படுத்தும் சடங்குகள். பிணத்தை எரிப்பதற்கும் தகன சம்ஸ்காரம் என்ற பெயர் உண்டு. இந்தியில் புத்தகத்தின் பதிப்பு 'சன்ஸ்கரண்', பண்பாடு 'சன்ஸ்கிருதி'. எல்லாம் ஒரே குடும்பம்.

பௌத்தர்களிடம் இதே சொல்லின் பாலி வடிவம் சங்கத. அங்கே அதற்குப் பெருமை எதுவும் கிடையாது. பல காரணங்கள் கூடிச் செய்யப்பட்டது, ஆகவே அழியக்கூடியது என்று பொருள். செய்யப்படாததாகிய நிர்வாணம்தான் அங்கே உயர்ந்தது. 'செய்யப்பட்டது' என்றால் உயர்ந்தது என்றும் இல்லை, தாழ்ந்தது என்றும் இல்லை. சொல்பவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தது.

எனக்குப் பிடித்த இடம் சமையலறை. பாணினி தன் இலக்கணத்தில் ஸம்ஸ்க்ருதம் என்ற சொல்லை ஒரு சூத்திரமாகவே வைத்திருக்கிறார். ஆனால் அந்த இடத்தில் மொழியைப் பற்றிய பேச்சே இல்லை. ஒன்றைக் கொண்டு பக்குவப்படுத்திய உணவுக்கு எப்படிப் பெயர் அமைப்பது என்பதற்கான விதி அது. உரைகள் தரும் எடுத்துக்காட்டுகளைப் பார்த்தால் பசிக்கும்: தயிர் சேர்த்துப் பக்குவப்படுத்தியது தாதிகம், மிளகு சேர்த்தது மாரீசிகம், இஞ்சி சேர்த்தது சார்ங்கவேரிகம்.

தமிழில் இதற்கு நல்ல இணை 'சமை' என்ற வினை. இன்று சமைப்பது என்றால் அடுப்படி வேலை. ஆனால் 'கோயில் சமைத்தான்', 'புத்துலகம் சமைப்போம்' என்றால் உருவாக்குதல். பெண் சமைந்தாள் என்றால் பருவம் எய்தினாள். ஆக்குதல், பக்குவமாதல், உணவு செய்தல் மூன்றும் ஒரே சொல்லுக்குள் கிடக்கின்றன. ஸம்ஸ்க்ருத என்ற சொல்லின் பொருள் எல்லையும் கிட்டத்தட்ட இதுதான். (ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். சமை வேறு, ஸம் வேறு. பொருள்தான் ஒத்துப்போகிறது.)

அந்த இஞ்சியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சமஸ்கிருதத்தில் இஞ்சிக்கு ச்ருங்கவேரம். ச்ருங்கம் என்றால் கொம்பு. இஞ்சித் துண்டும் கொம்புபோல் கிளைத்துத்தான் இருக்கிறது, பொருத்தமான பெயர் என்று தோன்றும். ஆனால் மொழியறிஞர்கள் பலர் இதன் அடியில் தென்னாட்டின் 'இஞ்சிவேர்' இருப்பதாகக் கருதுகிறார்கள். தெற்கிலிருந்து போன சொல் பாலியில் சிங்கிவேர என்று இருக்கிறது. அதற்குக் கொம்பு என்ற பொருள் வரும்படி ஒலியைச் சீர்செய்து எடுத்துக்கொண்டபோது ச்ருங்கவேரம் ஆயிற்று. சொல்லைச் சமஸ்கிருதப்படுத்துவது என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த இஞ்சித் துண்டைத்தான்.

பாணினி தன் மொழியை என்னவென்று அழைத்தார்

சலாதுரம் என்ற ஊரில் பிறந்தவர் பாணினி. சிந்து நதிக்கு அருகில், இன்றைய பாகிஸ்தானின் கைபர் பக்துன்குவா பகுதியில் அந்த இடம் இருக்கிறது. காலம் கி.மு. 5 அல்லது 4ஆம் நூற்றாண்டு என்று பொதுவாகச் சொல்கிறார்கள். எட்டு அத்தியாயம், ஏறத்தாழ 4,000 சூத்திரம் கொண்ட அவருடைய இலக்கணத்தில் மொழியின் பெயராகச் சமஸ்கிருதம் என்ற சொல் எங்கும் இல்லை.

அவர் சொன்னது பாஷா. பேசப்படுவது என்று பொருள், அவ்வளவுதான். வேதப் பாடல்களில் மட்டும் வரும் வடிவங்களைச் சொல்லும்போது 'சந்தஸில் இப்படி' என்று பிரித்துக்காட்டுவார். சந்தஸ் என்றால் வேதச் செய்யுளின் மொழி. பேச்சு ஒரு பக்கம், பழைய செய்யுள் ஒரு பக்கம். சங்கப் பாட்டின் தமிழையும் இன்றைய தமிழையும் பிரித்துச் சொல்வது போல. தன்னைச் சுற்றி இருந்தவர்கள் பேசியதை 'பேச்சு' என்றே ஒருவர் குறிப்பிடுகிறார் என்றால், அதை அவர் உட்கார்ந்து தயாரித்தார் என்று சொல்வது பொருந்தவில்லை.

இந்தச் சந்தேகத்துக்குப் பதஞ்சலி பதிலே சொல்லிவைத்திருக்கிறார். பாணினிக்குச் சில நூற்றாண்டுகள் பின்னால், கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அந்த இலக்கணத்துக்குப் பேருரை எழுதியவர். அவர் சொல்வது இது: பானை வேண்டுமென்றால் குயவர் வீட்டுக்குப் போய் "ஒரு பானை செய்து கொடு, எனக்கு வேலை இருக்கிறது" என்கிறோம். அதேபோல் பேச வேண்டியவர் யாராவது இலக்கணக்காரர் வீட்டுக்குப் போய் "கொஞ்சம் சொற்கள் செய்து கொடு, நான் பேச வேண்டும்" என்று கேட்கிறார்களா? என் மாமாவுக்கு இதைவிட நல்ல பதிலை என்னால் எழுத முடியாது.

அப்படியானால் இலக்கணக்காரர் என்னதான் செய்தார்? நெல்லை அவித்த வேலை. பதஞ்சலி ஒரு பசுவை வைத்து விளக்குகிறார். பசுவுக்குச் சரியான சொல் கௌ: என்பது ஒன்றுதான், ஆனால் ஊர்ப் பேச்சில் காவீ, கோணீ, கோதா, கோபோதலிகா என்று பல வழங்குகின்றன. சரியான சொல் ஒன்றிருந்தால் அதிலிருந்து வழுவியவை பல இருக்கும் என்கிறார். வாழைப்பழத்தை ஒரு ஊரில் வாளப்பளம் என்பதும் இன்னொரு ஊரில் வாயப்பயம் என்பதும் நமக்குப் பழக்கம்தானே. பலவற்றில் ஒன்றைத் தேர்ந்து, அது எந்தத் தாது, எந்த விகுதி சேர்ந்து உண்டானது என்று விதியோடு பிரித்துக் காட்டுவதுதான் இலக்கணக்காரர் செய்தது. சொல்லை இப்படி விதிப்படி அமைத்துக் காட்டுவதற்கும் ஸம்ஸ்காரம் என்றே பெயர். யாஸ்கர் தன் சொல்லாராய்ச்சி நூலான நிருக்தத்தில் இந்தப் பொருளில் அதைப் பயன்படுத்துகிறார். மொழிப் பெயரின் விதை இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

இந்த 'சரியான' பேச்சு வெறும் ஏட்டில்தான் இருந்ததா? பதஞ்சலி ஒரு கதையும் சொல்கிறார். ஓர் இலக்கணப் புலவர் ஒரு தேரைப் பார்த்து, "இந்தத் தேரின் ப்ரவேதா யார்?" என்று கேட்கிறார். ஓட்டுபவர் யார் என்று கேள்வி. தேரோட்டி, "ஐயா, நான்தான் இதன் ப்ராஜிதா" என்கிறான். அதுவும் ஓட்டுபவர் என்ற பொருள்தான், வடிவம் வேறு. புலவருக்குப் பொறுக்கவில்லை. "அது பிழையான சொல்" என்கிறார். தேரோட்டி விடவில்லை. "ஐயாவுக்கு விதி எதற்குப் பொருந்தும் என்று தெரிந்திருக்கிறது. வழக்கில் எதை விரும்பிச் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை" என்று திருப்பிக் கொடுக்கிறான். நடந்ததோ கற்பனையோ, தேரோட்டி இலக்கணப் புலவரை மடக்குவது நம்பத்தகுந்ததாக இருந்த காலம் அது.

சுருக்கமாக: பாணினிக்கு இது வெறும் 'பேச்சு'. அவர் மொழியைச் செய்யவில்லை, இருந்த பேச்சுக்கு விதி கண்டார். விதிப்படி அமைத்துக் காட்டுவதற்கு ஸம்ஸ்காரம் என்று பெயர் இருந்தது. மொழிக்கு அந்தப் பெயர் இன்னும் வரவில்லை.

அடைமொழி பெயரான விதம்

வால்மீகியின் சுந்தர காண்டத்தில் ஓர் இடம் இந்த விஷயம் பேசுபவர்கள் எல்லோரும் காட்டுவது. அசோகவனத்து மரத்தில் ஒளிந்திருக்கும் அனுமன், கீழே இருக்கும் சீதையிடம் எந்தப் பேச்சில் பேசுவது என்று தயங்குகிறான். "இருபிறப்பாளனைப் போல ஸம்ஸ்க்ருதமான பேச்சில் பேசினால், என்னை ராவணன் என்று எண்ணி இவள் பயந்துவிடுவாள்" என்பது அவன் கவலை. குரங்கு திருத்தமாகப் பேசினால் சந்தேகம் வராதா பின்னே?

இங்கே ஸம்ஸ்க்ருதம் தனியாக நிற்கவில்லை. 'வாக்' என்ற சொல்லுக்கு அடைமொழியாக, அதன் பால், வேற்றுமைக்கு ஏற்ப விகுதி மாறி நிற்கிறது. திருத்தமான பேச்சு என்பது போல. அதற்குச் சற்று முன்னால், தான் பேசப்போகும் 'மனிதப் பேச்சு'க்கும் அனுமன் இதே அடைமொழியைத்தான் போடுகிறான். அது ஒரு மொழியின் பெயராக உறுதிப்பட்டிருந்தால் இப்படி இரண்டு பேச்சுக்கும் பொதுவாக வந்திருக்காது. அரிசிக் கடை மொழியில் சொன்னால், இன்னும் 'புழுங்கலரிசி'தான். 'அரிசி' உதிரவில்லை.

காளிதாசர் இன்னும் நாசூக்காகச் செய்கிறார். சிவன் பார்வதி திருமணத்தில் சரஸ்வதி வந்து வாழ்த்துகிறாள். மாப்பிள்ளையை வாழ்த்துவது ஸம்ஸ்காரத்தால் தூய்மையான பேச்சில், மணப்பெண்ணை வாழ்த்துவது எளிதில் புரியும் பேச்சில். உரைகாரர்கள் இதைச் சமஸ்கிருதம், பிராகிருதம் என்று விளக்கினார்கள். கவி இரண்டு பெயரையும் சொல்லவில்லை.

கி.பி. 700ஐ ஒட்டி, பல்லவர்களின் காஞ்சிபுரத்தோடு தொடர்புடைய தண்டி தன் அணியிலக்கணத்தில் எழுதுகிறார்: ஸம்ஸ்க்ருதம் எனப்படுவது தெய்வ வாக்கு, மாமுனிவர்கள் அதை விளக்கினார்கள். இப்போது 'பேச்சு' உதிர்ந்துவிட்டது. அடைமொழி தனியாக நின்று பெயராகிவிட்டது. சித்தப்பாவின் 'தேவபாஷை'க்கும் இந்த வரியில் ஆதாரம் உண்டு என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் முனிவர்களைப் பற்றித் தண்டி போட்ட வினையைப் பாருங்கள். அது 'பின்தொடர்ந்து விளக்கினார்கள்' என்ற பொருள் தருவது. மொழியை உண்டாக்கினார்கள் என்று அவரும் சொல்லவில்லை.

பச்சரிசிப் பக்கம்

பிராகிருதம் என்ற சொல் ப்ரக்ருதி என்பதிலிருந்து வந்தது. இயல்பு, மூலம் என்று பொருள். பிராகிருதம் என்றால் இயல்பானது. பக்குவப்படுத்தியது ஒன்று, இயல்பானது ஒன்று என்று இரண்டு பெயரும் ஜோடியாக உட்கார்ந்தன. நாடகங்களில் இது மேடையிலேயே தெரியும். சாகுந்தலத்தில் துஷ்யந்தன் பேசுவது சமஸ்கிருதம், சகுந்தலை பேசுவது ஒரு பிராகிருதம், மோதிரத்தைக் கண்டெடுத்த மீனவன் பேசுவது இன்னொரு பிராகிருதம். ஒருவருக்கொருவர் எந்தத் தடையுமில்லாமல் புரிந்துகொள்கிறார்கள்.

எது தாய், எது மகள் என்ற சண்டை அன்றைக்கே உண்டு. 11ஆம் நூற்றாண்டில் நமிசாது என்ற சமணர், பிராகிருதம் என்பதை 'ப்ராக் க்ருதம்', அதாவது முன்னரே ஆனது என்று பிரித்தார். எல்லா மக்களின் இயல்பான பேச்சு அதுதான், இலக்கணத்தால் திருத்தப்பட்ட பிறகு அதுவே சமஸ்கிருதம் எனப்பட்டது என்பது அவர் வாதம். 12ஆம் நூற்றாண்டில் ஹேமசந்திரர், அவரும் சமணர்தான், எதிர்ப்பக்கம் நின்றார். ப்ரக்ருதி என்பதே சமஸ்கிருதம், அதிலிருந்து வந்ததால் பிராகிருதம் என்றார். ஒரே சொல், இரண்டு எதிரெதிர் பொருள். எங்கள் வாட்ஸப் குழு பரவாயில்லை போலிருக்கிறது.

இன்றைய மொழியியல் இதை நெல்லை வைத்துத்தான் தீர்க்கிறது. வேதப் பாடல்களின் காலத்தில் வடமேற்கில் பேசப்பட்ட பழைய ஆரியப் பேச்சு ஒன்றல்ல. வட்டாரத்துக்கு வட்டாரம் கொஞ்சம் மாறுபட்ட பல வழக்குகள். அவற்றில் ஒரு பக்கம் படித்தவர்களின் வழக்காகி, விதி கட்டி, பெரிதாக மாறாமல் நின்றது. மற்றவை வாயில் உருண்டு மாறிக்கொண்டே போயின: தர்ம என்பது தம்ம ஆயிற்று, ஹஸ்த என்பது ஹத்த ஆகிப் பிறகு இந்தியில் ஹாத் ஆயிற்று. பிராகிருதச் சொற்களில் பெரும்பாலானவற்றின் பழைய வடிவத்தைச் சமஸ்கிருதத்தில் பார்க்க முடிவதற்கு, அது அந்த நெல்லுக்குக் கிட்டத்தில் நின்றுவிட்டதுதான் காரணம். சில இடங்களில் பிராகிருதம் சமஸ்கிருதத்தில் இல்லாத பழமையையும் வைத்திருக்கிறது. அதனால் நேரான தாய் மகள் உறவு என்று சொல்ல முடியாது.

இதைக் கல்லிலேயே பார்க்கலாம். குஜராத்தில் ஜூனாகட் ஊருக்கு வெளியே, கிர்நார் மலைக்குப் போகும் வழியில் ஒரு பெரிய பாறை இருக்கிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் அதில் தன் ஆணைகளைப் பொறித்தார். மொழி பிராகிருதம். ஏறத்தாழ நானூறு ஆண்டு கழித்து, கி.பி. 150 அளவில், சகர் குலத்து அரசன் ருத்ரதாமன், புயலில் உடைந்த சுதர்சன ஏரிக்கரையைக் கட்டிய கதையை அதே பாறையில் பொறித்தான். அது நல்ல சமஸ்கிருத உரைநடை. அந்த மொழியில் கிடைக்கும் நீண்ட கல்வெட்டுகளில் முந்தையது. கல்லை மட்டும் பார்த்தால் பிராகிருதம் மூத்தது. பாணினியோ அசோகருக்கும் முந்தியவர். அரசர்கள் எந்த மொழியில் கல்வெட்டு வெட்டினார்கள் என்பது வேறு கேள்வி, எந்த மொழி எப்போது இருந்தது என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பல பேர் "கல்வெட்டே இல்லை, ஆகவே அந்த மொழியே அப்போது இல்லை" என்கிறார்கள்.

மறுபடி ஒரு வரி: பெயர்கள் ஜோடியாக வந்தவை, மூலம் இரண்டுக்கும் பொது, இலக்கணம் அதில் ஒரு பக்கத்தை நிறுத்திவைத்தது.

தமிழ்க் காதில் விழுந்த பெயர்

தமிழ் இந்த நெல்லில் வந்ததல்ல. அது வேறு பயிர். தென்மொழிகள் தனிக் குடும்பம் என்பதை 1816இல் சென்னையில் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் சான்றுகளோடு எழுதினார். 1856இல் கால்டுவெல் அதைப் பெரிய நூலாக விரித்தார். சொற்கள் இரு பக்கமும் போய் வந்தன, இஞ்சியைப் பார்த்தோமே. கடன் வாங்குவது வேறு, பிறப்பது வேறு.

தொல்காப்பியர் செய்யுட் சொற்களை நான்காகப் பிரிக்கும்போது வடசொல் என்று ஒரு வகை சொல்கிறார். திசையை வைத்து வந்த பெயர். திருத்தமானது, தெய்வீகமானது என்ற மதிப்பீடு எதுவும் அதில் இல்லை. ஒரு மொழிக்குள் இருப்பவர்கள் தரத்தை வைத்துப் பெயரிடுகிறார்கள், வெளியே இருப்பவர்கள் அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்துப் பெயரிடுகிறார்கள். நாமும் நம் மொழிக்குள் அதே வேலையைச் செய்தவர்கள்தான். செந்தமிழ் என்ற சொல் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. அதற்கு எதிராகக் கொடுந்தமிழ் என்று ஒன்றைப் பின்னர் வைத்தோம். செந்தமிழ் என்ற பெயரைக் காட்டி, தமிழ் செயற்கை மொழி என்று யாரும் வாதிடுவதில்லை.

மிச்சமிருக்கும் சில கேள்விகள்

கணினிக்கு ஏற்ற மொழி சமஸ்கிருதம் என்று நாசா சொன்னதா என்று கேட்பார்கள். 1985இல் நாசாவின் ஓர் ஆய்வகத்தில் இருந்த ரிக் பிரிக்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். சமஸ்கிருத இலக்கணவாதிகள் வாக்கியத்தை உரித்துக்காட்டிய முறை, கணினிக்கு அறிவை எழுதித்தரும் முறையோடு ஒத்துப்போகிறது என்பது அதன் கருத்து. நல்ல கட்டுரைதான். அது ஓர் ஆய்வாளர் எழுதியது, நிறுவனம் அறிவித்ததல்ல.

பேசுகிறார்களா என்றால், 2011 கணக்கெடுப்பில் 24,821 பேர் அதைத் தாய்மொழி என்று பதிந்திருக்கிறார்கள்.

அதன் எழுத்து தேவநாகரிதானா? இல்லை. அதற்கென்று ஓர் எழுத்து இருந்ததில்லை. ருத்ரதாமன் பிராமியில் வெட்டினான். கேரளத்தில் மலையாள எழுத்திலும் வங்காளத்தில் வங்க எழுத்திலும் எழுதினார்கள். தமிழ்நாட்டில் அதற்காகவே கிரந்த எழுத்து உருவாயிற்று. பல்லவர் கல்வெட்டுகளில் அதைப் பார்க்கலாம். நாம் தமிழில் எழுதும் ஸ, ஷ, ஜ, ஹ எல்லாம் அதன் மிச்சம்.

அந்த ஸ் வேறு ஒரு பக்கம் தன் வழியில் போயிற்று. 7ஆம் நூற்றாண்டில் மதுரையில் சம்பந்தர், சமணரைச் சாடிப் பாடும் பதிகத்தில் 'சங்கதம்' என்றும் 'பாகதம்' என்றும் இரண்டு மொழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். ஜோடிப் பெயர் தமிழுக்குள் வந்துவிட்டது. ஆனால் பாணினி தனி விதி எழுதிக் கொண்டுவந்த ஸ் மட்டும் தமிழ் நாக்குக்கு ஒத்துவராமல் உதிர்ந்துவிட்டது. இன்று கிரந்தம் வேண்டாம் என்பவர்கள் சமற்கிருதம் என்று எழுதுகிறார்கள். அங்கே அது ற் ஆகி நிற்கிறது.